தலை எண்ண வந்த புதன்கிழமை

கணக்கு சாரைத் தூக்கப் போகிறார்கள் என்ற செய்தியைப் பெரிய டீச்சர் எங்கள் ஷெட்டுக்கே வந்து சொன்னார். வியாழக்கிழமை பிற்பகல். அச்சிலிருந்து எடுத்த, இன்னும் சுடாத பொம்மைகளை மடியில் வைத்துக்கொண்டு, ஓரத்துப் பிசிறைக் கத்தியால் சீவி, ஈரப் பஞ்சால் துடைத்துக்கொண்டிருந்தோம். பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியை செராமிக் ஷெட்டுக்குள் நுழைந்ததை அதுவரை நாங்கள் பார்த்ததில்லை. யாருடைய பிள்ளைக்கு என்ன ஆச்சோ என்று எல்லோருக்கும் பகீரென்றது.

"புள்ளைங்களுக்கு ஒண்ணுமில்லம்மா, பயப்படாதீங்க" என்றார் அவர். "அடுத்த புதன்கிழமை ஆபீசர் வராரு. தலைய எண்ணுவாரு. ரிஜிஸ்டர்ல இருக்குற பேரு செல்லாதாம். பெஞ்சுல உக்காந்திருக்குற புள்ளைங்கதான் கணக்கு. கொறைஞ்சுதுன்னா கணக்கு சார உபரின்னு எழுதி வேற ஊருக்கு அனுப்பிடுவாங்க."

உபரியாம்! எங்கள் நடுநிலைப் பள்ளிக்கு வராது வந்த ஒரே கணக்கு வாத்தியார். அவர் எங்களுக்கு மிஞ்சிப்போய்விட்டாராம். எனக்கு அப்போதே கோபம் தலைக்கு ஏறிவிட்டது. அவர் வருவதற்கு முன்னால் எட்டாம் வகுப்பு முடித்த பெண்கள், விருத்தாசலம் டவுனுக்குள் இருக்கும் பெரிய பள்ளிக்கூடத்தில் ஒன்பதாவது சேர்ந்து, கணக்கில் ஒன்றும் புரியாமல் அழுதுகொண்டே திரும்பி வந்தார்கள். வந்தவர்கள் எங்கே போவார்கள்? எங்கள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து பொம்மை துடைத்தார்கள். என் மகள் அப்போது ஏழாவது. அந்த சார் போனால் அவளுக்கும் அதே மணைப்பலகைதான். எனக்கு அது பட்டப்பகல் போலத் தெரிந்தது.

"வருவாங்க டீச்சர். எல்லாப் புள்ளையும் வரும். நான் பாத்துக்கிறேன்" என்று சொல்லிவிட்டேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். பெற்றோர் ஆசிரியர் கழகத்தில் என்னைச் சேர்த்ததே அந்த வாய்க்காகத்தான்.

சொன்ன பிறகுதான் புதன்கிழமை என்ன நாள் என்று உறைத்தது. அன்றைக்குச் சூளை பிரிக்கிற நாள்.

எங்கள் தொழிற்பேட்டையில் சூளை பிரிக்கிற நாள் என்றால் பள்ளிக்கூடத்தில் பாதி பெஞ்சு காலி. யாரும் அதை வேலை என்று சொல்ல மாட்டார்கள். "புள்ள எங்கடி?" என்று கேட்டால் "ஒத்தாசைக்கு வந்திருக்குது" என்பார்கள். சுட்ட பொம்மையைச் சூளைக்குள்ளிருந்து பெரியவர்கள் எடுத்துத் தருவார்கள். பிள்ளைகள் சாம்பலைத் துடைத்து, வைக்கோல் வைத்து, பழைய பேப்பரில் சுற்றிப் பெட்டியில் அடுக்குவார்கள். கிருஷ்ணன் கைப் புல்லாங்குழல் இடுக்கிலும் அன்னப்பட்சியின் கழுத்து வளைவிலும் பெரியவர்கள் விரல் நுழையாது. அதிலும் ஆடி மாதம், கொலுவுக்கு மெட்ராஸ் லாரி வந்து நிற்கிற மாதம். அந்த மாதத்தில் பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினால் "என்னடி, உன் புள்ள கலெக்டரா?" என்று கேட்காத ஆள் கிடையாது. நானும் என் மகளை அனுப்பாமல் ஒத்தாசைக்கு இழுத்துப்போன நாட்கள் உண்டு. எல்லோரும் செய்ததுதான்.

அன்று மாலையே முதலாளியிடம் போனேன். அவர் ஒன்றும் பிறவிப் பணக்காரர் இல்லை. எங்களைப் போல அச்சு ஊற்றிக்கொண்டிருந்து, பிறகு சொந்தமாக ஷெட் பிடித்தவர். அதனாலேயே எங்கள் சாக்குப்போக்கு எதுவும் அவரிடம் எடுபடாது.

"லாரி புதன்கிழமை மதியம் வருது. நான் என்னம்மா பண்றது? சூளை என் பேச்சக் கேட்டா ஆறுது?" என்றார்.

"அப்ப முன்னாடியே தீ வைங்கண்ணே. ஞாயித்துக்கிழம வைக்கிறத சனிக்கிழம வைங்க. செவ்வாக்கிழமை பிரிச்சிடலாம். புதன்கிழமை புள்ளைங்க ஸ்கூலுக்குப் போயிடும்."

"சனிக்கிழமைக்குள்ள சூளைய அடுக்கி முடிக்க ஆளு?"

"நாங்க அடுக்குறோம்."

அவர் என்னை ஒருமுறை பார்த்தார். சரி, உங்க பாடு என்று கையை உதறிவிட்டு டீக்கடைப் பக்கம் போய்விட்டார். முடியாது என்று சொல்லவில்லையே, அதுவே எனக்குப் போதும்.

தெருவில் வீடு வீடாக ஏறி இறங்கினேன். முதலில் போனது என் பக்கத்து வீட்டுக்கு. அங்கே இருந்த அக்கா எனக்கு உறவு இல்லை. ஆனால் பத்து வருஷமாக ஷெட்டில் எனக்கு எதிர்ப் பலகையில் உட்காருகிறவள். அவள் வீட்டுக்காரரை மாமா என்று கூப்பிடுவேன். அவர்தான் எங்கள் சூளைக்குத் தீ வைக்கிறவர். அவர்களுடைய மகளும் என் மகளும் ஒரே வகுப்பு, ஒரே பெஞ்சு. கணக்கில் அந்தப் பெண் கெட்டிக்காரி. சார் பலகையில் எழுதி முடிப்பதற்குள் இவள் விடையைச் சொல்லிவிடுவாள் என்று என் மகள் பொறாமையோடு சொல்வாள்.

அக்கா எடுத்த எடுப்பில் மாட்டேன் என்றாள். "உனக்கென்னாடி, வூட்டுக்காரரு அரிசி மில்லுல சம்பளம் வாங்குறாரு. நீ பேசுவ. ரெண்டு நாளு வேலைய ஒரு நாள்ல செஞ்சா என் இடுப்பு என்னாத்துக்கு ஆவும்?"

"அந்த சாரு போயிட்டா உன் பொண்ணு என்னாத்துக்கு ஆவும், அத சொல்லு" என்றேன்.

உள்ளே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த மாமா தலையைத் தூக்கி, "சனிக்கிழம காலைல தீ வச்சா செவ்வா மத்தியானம் பிரிச்சிடலாம். நான் வைக்கிறேன். புள்ள படிக்கட்டும்" என்றார். அதிகம் பேசாத மனுஷன். அவர் சொன்னதும் அக்காவும் சும்மா இருந்துவிட்டாள். அதற்கப்புறம் மற்ற வீடுகளில் எனக்கு அவ்வளவாகத் தொண்டை வறளவில்லை. தீ வைக்கிறவரே ஒத்துக்கொண்டார் என்றால் யார் என்ன பேச முடியும்?

வெள்ளிக்கிழமை முழுக்கப் பெண்கள் நாங்கள் ஓடி ஓடிச் சூளையை அடுக்கினோம். பொழுது சாய்வதற்குள் வாயைச் செங்கல் வைத்து மண் பூசி மூடியாயிற்று. எனக்குப் பெருமை தாங்கவில்லை. பெரிய டீச்சர் வீட்டுக்குப் போய், "புதன்கிழமை பெஞ்சு பத்தாது டீச்சர், பாய் வாங்கி வைங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

சனிக்கிழமை விடியும்போதே மழை. ஆடியில் யார் மழையை எதிர்பார்த்தார்கள்? சவுக்குக் கட்டையெல்லாம் நனைந்து புகைந்ததே தவிர தீ ஏறவில்லை. மாமா ஊதி ஊதிக் கண் சிவந்து நின்றார். ஒருவழியாகத் தீ ஏறியபோது சாயங்காலமாகிவிட்டது. நாங்கள் பாடுபட்டு முன்னுக்குக் கொண்டுவந்த பொழுதை வானம் ஒரே நாளில் பிடுங்கிக்கொண்டது.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் சூளைச் சுவரில் கை வைத்தால் வைத்த உடனே எடுக்க வேண்டியிருந்தது, அவ்வளவு சூடு. பெண்கள் எல்லோரும் சுற்றி நின்றோம். பிள்ளைகளையும் மத்தியானத்துக்கு மேல் கூப்பிட்டு வந்து உட்காரவைத்திருந்தோம். அன்றைக்கே முடித்துவிட்டால் மறுநாள் நிம்மதி. "ஆறிடுமா மாமா?" என்று நான் கேட்டேன். இன்னொருத்தி கேட்டாள். அவள் கேட்டு முடித்ததும் வேறொருத்தி. அவர் சூளையையே சுற்றிச் சுற்றி வந்தார். அவர் மகள் வைக்கோல் கட்டின்மேல் உட்கார்ந்து, "நாளைக்கு சார் பரப்பளவு நடத்துறேன்னு சொன்னாருப்பா" என்றாள்.

அவ்வளவுதான். மாமா ஏணியை எடுத்துப் போட்டு ஏறினார். சூளை வாயின் உச்சியில் இருந்த செங்கல்லை உருவினார். "ரெண்டு கல்லு எடுத்தா காத்து போயி சீக்கிரம் ஆறிடும்" என்றார். இத்தனை வருஷம் தீ வைத்தவர். சூடு இருக்கும்போது வாயைத் திறக்கக் கூடாது என்று எங்களுக்கெல்லாம் சொல்லிக்கொடுத்ததே அவர்தான். அவர் கல்லை எடுக்கும்போது எங்களில் ஒருத்திகூட வேண்டாம் என்று சொல்லவில்லை. சீக்கிரம் எடுக்கட்டும் என்றுதான் எல்லோரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தோம்.

கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு சூளைக்குள்ளிருந்து 'டிங்' என்று ஒரு சத்தம். கொஞ்சம் விட்டு இன்னொன்று. அப்புறம் அடுத்தடுத்து, கிண்ணத்தில் சுண்டியது மாதிரி. செராமிக்கில் வேலை செய்கிறவர்களுக்கு அது என்ன சத்தம் என்று சொல்லவே வேண்டாம். குளிர்ந்த காற்று பட்டுப் பொம்மைகள் மயிர்க்கோடாக விரிசல் விடுகின்றன. மாமா எடுத்த கல்லைத் திரும்ப வைத்தார். வைத்து என்ன? ஏணியிலேயே நின்றுகொண்டு, ஒவ்வொரு சத்தத்துக்கும் கண்ணை மூடி மூடித் திறந்தார். அக்கா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு என்னைத்தான் பார்த்தாள்.

முதலாளி வந்து கத்திய கத்து மங்கலம்பேட்டை வரைக்கும் கேட்டிருக்கும். கடைசியில் அவர் சொன்னது இது: "நாளைக்குக் காலைல சூளை பிரிக்கணும். ஒவ்வொரு பொம்மையா வெளிச்சத்துல புடிச்சுப் பாத்து, நல்லது தனியா, கோடு விட்டது தனியாப் பிரிக்கணும். மதியத்துக்குள்ள. எல்லாரும் வரணும். புள்ளைங்களும் வரணும். எவளாச்சும் ஸ்கூலு கீலுன்னீங்க..."

பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்ப வேண்டும் என்று செய்த காரியம், அவர்களை முன்னைவிட இறுக்கமாகச் சூளையில் கட்டிப்போட்டுவிட்டது. நான் வீட்டுக்கு வந்து பாத்திரத்தை எல்லாம் போட்டு உருட்டினேன். யார் மேல் கோபப்படுவது என்றே தெரியவில்லை. மழை மேலா?

புதன்கிழமை காலை என் மகளுக்குச் சீருடை போட்டு, நானே பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போனேன். வேலை போனால் போகட்டும் என்று இருந்தேன். ஏழாம் வகுப்பில் எட்டிப் பார்த்தால் என் மகளையும் சேர்த்துச் சொற்பப் பிள்ளைகள். எட்டாம் வகுப்பு அதைவிட மோசம். கணக்கு சார் வயசுப் பிள்ளைதான். சேத்தியாத்தோப்புப் பக்கத்திலிருந்து தினமும் பஸ் ஏறி வருகிறவர். என்னைப் பார்த்ததும் சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. பலகையில் தேதியை எழுதினார், அழித்தார், மறுபடியும் எழுதினார்.

ஆபீசர் மொபெட்டில் வந்து இறங்கினார். பெரிய டீச்சர் அவரை ஆபீஸ் ரூமில் உட்காரவைத்து டீ வாங்கிவர ஆள் அனுப்பினார். என் பக்கத்தில் வந்து, உதடு அசையாமல், "டீ வர வரைக்கும்தான்மா என்னால நிறுத்த முடியும்" என்றார்.

ஓடினேன். செருப்பைப் பள்ளிக்கூட வாசலிலேயே விட்டுவிட்டேன். சூளையடியில் எல்லோரும் குனிந்த தலை நிமிராமல் பொம்மை பார்த்துக்கொண்டிருந்தார்கள். "ஆபீசர் வந்துட்டாரு! பெஞ்சுல ஆளில்ல! அனுப்புங்கடி!" என்று கத்தினேன்.

முதலாளி எழுந்து வந்து வழியில் நின்றார். "ஏம்மா, உன்னால வந்த நஷ்டம் பத்தாதா? புள்ளைங்களக் கூட்டிட்டுப் போன, நாளைக்கு நீ இங்க வராத."

"வரலண்ணே. உங்க பொம்மைய நீங்களே தொடச்சுக்குங்க. உங்க பையன் இங்கிலீஷ் ஸ்கூலு வேன்ல போறான், நான் பாத்துக்கிட்டுதான இருக்குறேன். இந்தப் புள்ளைங்களுக்கு இருக்குறது ஒரே ஒரு வாத்தியாரு. அவரையும் உங்க கொலுவுல தூக்கி வச்சுடுவீங்களா?"

யாரும் எழவில்லை. மாமா ஓரமாக நின்று உடைந்ததைக் கூடையில் அள்ளிக்கொண்டிருந்தார். காலையிலிருந்து யாரும் அவரோடு பேசவில்லை. அப்போது அக்கா தன் மகளின் கையிலிருந்த பொம்மையை வாங்கினாள். "போடி" என்றாள். அந்தப் பெண் அப்பாவைப் பார்த்தது. அவர் தலையை ஆட்டினார். அவள் எழுந்து ஓடியதும் இன்னொரு தாய் தன் பிள்ளையின் முதுகில் தட்டினாள். அப்புறம் இன்னொருத்தி. முதலாளி "ஏய், ஏய்" என்றார். பிள்ளைகள் எல்லோரும் ஓடிவிட்டார்கள்.

ஆபீசர் ஏழாம் வகுப்பு வாசலில் நின்றுகொண்டிருந்தார். சீருடை இல்லாமல், முழங்கை வரைக்கும் வெள்ளைச் சாம்பலோடு இரைக்க இரைக்க வந்து நுழைந்த பிள்ளைகளைப் பார்த்து அவர் முகம் மாறிவிட்டது. "என்ன டீச்சர், வெளியிலேர்ந்து புடிச்சாந்து உக்கார வைக்கிறீங்களா? இதெல்லாம் இந்த ஸ்கூல் புள்ளைங்களா? நான் எண்ண மாட்டேன்."

நான் ஜன்னலுக்கு வெளியே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வாயைத் திறந்தால் ஏடாகூடமாக ஏதாவது வந்துவிடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

கணக்கு சார்தான் பேசினார். "கேட்டுப் பாருங்க சார். எந்தப் புள்ளைய வேணா, நான் நடத்துனதுல எத வேணா கேளுங்க."

ஆபீசர் சுற்றிப் பார்த்து, கடைசியாக வந்து உட்கார்ந்த அக்காவின் மகளைக் கையைக் காட்டிக் கூப்பிட்டார். பலகையில் ஒரு கணக்கை எழுதினார். அவளுக்கு மூச்சு இன்னும் அடங்கவில்லை. சாக்பீஸை வாங்கிக்கொண்டு கணக்கை ஒருமுறை வாசித்தாள். பிறகு வரி வரியாகப் போட்டாள். விடைக்கு அடியில் கோடு இழுத்துவிட்டு, அடுத்த கணக்கு வருமோ என்று அங்கேயே நின்றாள். சார் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஆபீசர் எண்ணினார். எல்லாத் தலையையும் எண்ணினார். போதுமான அளவுக்குத்தான் இருந்தது. ஒரு தலை குறைந்திருந்தால் சார் அன்றைக்கே பெட்டி கட்டியிருப்பார். பெரிய டீச்சர் வெளியே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். நானும் அழுதேன், வெட்கமே இல்லாமல்.

சார் இருந்துவிட்டார். ஆனால் மாமாவை முதலாளி சூளைப் பக்கம் விடவில்லை. "கல்ல உருவுனவன் கையில நான் எப்படிய்யா தீயக் குடுக்குறது?" என்று கேட்டாராம். விஷயம் பேட்டை முழுக்கப் பரவி, வேறு யாரும் அவரை எடுத்துக்கொள்ளவும் இல்லை. என்னை மட்டும் கொலு அவசரத்தில் ஆள் பத்தாமல் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டார்கள். முதலாளியிடம் மாமாவுக்காகப் போய்ச் சண்டை போட்டேன், கெஞ்சினேன்கூட. அவர் அசையவில்லை. மாமா திருப்பூர்ப் பக்கம் வேலைக்குப் போனார். தீபாவளி கழிந்த திங்கட்கிழமை அக்கா தன் மகளைக் கூட்டிவந்து, எதிர்ப் பலகையில் தன் பக்கத்தில் உட்காரவைத்தாள்.

"என்னாக்கா இது?" என்றேன்.

"ஒத்தாசைக்கு" என்றாள்.

எத்தனையோ நாள் அவளோடு மல்லுக்கட்டினேன். அவள் பாட்டுக்குப் பிசிறு சீவிக்கொண்டிருப்பாள். அந்தப் பெண்ணோ வேலையைச் சீக்கிரமாகக் கற்றுக்கொண்டுவிட்டது. என் மகள் பள்ளிக்கூடம் விட்டு ஷெட் வழியாக வந்தால் இவள் தலையைக் குனிந்துகொள்வாள். எந்த சாருக்காக நான் அந்தத் தெருவையே கிளப்பினேனோ, அந்த சார் இருக்கிறார். அவரைக் காப்பாற்றிக் கொடுத்த பிள்ளை அங்கே இல்லை. இந்த அநியாயத்தை நான் எந்த ஆபீசரிடம் போய்ச் சொல்வேன்?

மறு ஆடியில் பெரிய டீச்சர் மறுபடியும் ஷெட்டுக்கு வந்தார். இந்த முறை யாரும் பயப்படவில்லை. எதற்கு வந்திருக்கிறார் என்று தெரியும். என்னிடம் வராமல் அக்காவின் எதிரில் போய் நின்றார்.

"வர்ற புதன்கிழமை எண்ண வராங்கம்மா. உங்க பொண்ணு பேர நான் இன்னும் நீக்கல. எட்டாவதுல ஒரு தல கொறையுது. ஒரு நாளு மட்டும் அனுப்பிவச்சீங்கன்னா..."

அந்தப் பெண் துடைத்துக்கொண்டிருந்த பொம்மையை மடியில் வைத்துவிட்டு நிமிர்ந்தாள். "ஒரு நாளு மட்டுமா டீச்சர்?" என்று கேட்டாள். குத்திக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

டீச்சருக்கு முகம் செத்துப்போயிற்று. எனக்கோ பொங்கிக்கொண்டு வந்தது. "இரவல் குடுக்குறதுக்கு இது என்னா குடமா டீச்சர்? வந்தா வந்ததுதான். மறுநாளும் வரும், அதுக்கு மறுநாளும் வரும். சேத்துப்பீங்களா, மாட்டீங்களா?"

"நான் எப்பம்மா வரவேணாம்னேன்?" என்றார் அவர். குரல் உடைந்திருந்தது.

எல்லோரும் அக்காவைப் பார்த்தோம். அவள் நிமிரவில்லை. கையிலிருந்த பிள்ளையாரின் காதோரம் ஒரு பிசிறைச் சீவி முடித்தாள். அதைக் கீழே வைத்துவிட்டு, கையை நீட்டி, மகள் முன்னால் பொம்மைகளை அடுக்கியிருந்த பலகையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"போறதுன்னா இன்னைக்கே போ" என்றாள். "அந்த ஆபீசருக்காவ ஒண்ணும் நீ போவ வேணாம்."